வாங்க, இன்பாக்ஸின் பின்கட்டுக்குப் போகலாம்!

நாட்மச் என்ற மடல் தேடும் நிரல் உள்ள கணினியில் டெர்மினலைத் திறந்து "நாட்மச் சர்ச் டேக்:அன்ரெட் அண்ட் டேக்:அட்டாச்மென்ட்" என்று தட்டி என்டரை அழுத்துங்கள். இன்னும் படிக்காத மடல்களில் கோப்பு இணைத்து வந்தவை மட்டும், புதியது மேலும் பழையது கீழுமாக, சட்டென்று வந்து நிற்கும். விளம்பரம் கிடையாது. சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம் கிடையாது. வைஃபையை அணைத்துவிட்டு அதே வரியைத் தட்டினாலும் அதே பதில், அதே வேகம்! வருடக் கணக்கில் சேர்ந்த மடல்கள் எல்லாம் உங்கள் கணினியிலேயே, விரல் சொன்னபடி கேட்டுக்கொண்டு இருக்கின்றன.

மின்னஞ்சலின் முன்கட்டு நமக்கு நன்றாகத் தெரியும். பொத்தான்கள், வண்ணங்கள், நட்சத்திரக் குறிகள். பலர் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறோம். வேலை நடப்பதெல்லாம் பின்கட்டில். அங்கே யாரும் போகலாம், கதவுக்குப் பூட்டே இல்லை என்பது எனக்கு இன்றுவரை தீராத ஆச்சரியம். ஒரு மடல் வந்து இறங்கியதிலிருந்து டேக் வாங்கும்வரை அதன் பின்னாலேயே போய்ப் பார்க்கலாம், வாங்க.

முதலில் அந்த மடலையே பிரித்துப் பார்ப்போம். மின்னஞ்சல் என்பது வெறும் எழுத்துக் கோப்பு. "லெஸ்" என்ற சாதாரணக் கட்டளையால் திறந்தாலே உள்ளே இருப்பது அத்தனையும் தெரியும். நாம் திரையில் காணும் அனுப்புநர், பொருள், தேதிக்கு மேலே ஒரு பெரிய தலைப்புப் பகுதி இருக்கிறது. "ரிசீவ்ட்" என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். மடல் கடந்து வந்த ஒவ்வொரு சர்வரும் தன் பெயரையும் நேரத்தையும் எழுதி, இருப்பதற்கு மேலே ஒட்டிவிட்டு அனுப்பும். ஆகவே பயணக்கதையைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும்! கீழே "மெசேஜ்-ஐடி", அந்த மடலுக்கு மட்டுமே உரிய அடையாளம். "ரெஃபரன்சஸ்", இது எந்தெந்த மடல்களுக்குப் பதிலாக வந்தது என்ற வம்சாவளி. குழுமடல் என்றால் "லிஸ்ட்-ஐடி". 2001-இல் ஆர்எஃப்சி 2919 என்ற இணையத் தர ஆவணம் வகுத்த வரி அது. குழு வேறு சர்வருக்கு மாறினாலும் அந்த அடையாளம் மாறாமல் இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். பிரித்து அடுக்குகிறவர்களுக்கு இதுதான் தங்கச் சுரங்கம். மடலின் பொருள் வரியை நம்பி ஃபில்டர் எழுதுகிறவர்கள் அடிக்கடி திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். லிஸ்ட்-ஐடியை நம்பி எழுதியவர்கள் ஒருமுறை எழுதிவிட்டு மறந்துவிடலாம்.

இந்தக் கோப்பு உங்கள் கணினிக்கு வருவது "எம்பிசிங்க்" போன்ற ஒரு சின்ன நிரலால். அது ஐமேப் சர்வரிடம் பேசி, புதிய மடல்களை இழுத்துவந்து "மெயில்டிர்" என்ற அமைப்பில் வைக்கும். மெயில்டிரைப் பார்த்தவுடன் எனக்குக் கைதட்டத் தோன்றும். ஒரு ஃபோல்டர், அதற்குள் மூன்று ஃபோல்டர்கள்: டெம்ப், நியூ, கர். அவ்வளவுதான்! 1990-களின் நடுவில் டேனியல் பெர்ன்ஸ்டைன் தன் கியூமெயில் சர்வருக்காக வடிவமைத்தது. மடல் முதலில் டெம்ப்புக்குள் எழுதப்படும். முழுக்க எழுதி, வட்டில் பதிந்தது உறுதியான பிறகே நியூவுக்கு நகரும். பாதியில் மின்சாரம் போனாலும் நியூவில் அரைகுறை மடல் கிடக்காது. ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் 1970-லிருந்து எண்ணிய விநாடி, நிரலின் எண், கணினியின் பெயர் எல்லாம் சேர்ந்திருப்பதால் இரண்டு மடல் ஒரே பெயரில் மோதிக்கொள்ள வழியில்லை. பூட்டும் சாவியும் இல்லாமல் பல நிரல்கள் ஒரே நேரத்தில் அங்கே புழங்கலாம்.

மடலை "படித்துவிட்டேன்" என்று குறிப்பது எப்படி என்று கேளுங்கள். கோப்பின் பெயரை மாற்றுவது, அதுதான்! பெயரின் கடைசியில் முக்காற்புள்ளி, 2, காற்புள்ளி. அதற்குப் பிறகு "எஸ்" என்ற ஓர் எழுத்து இருந்தால் படித்தாயிற்று. "ஆர்" இருந்தால் பதில் போட்டாயிற்று. "எஃப்" இருந்தால் கொடி குத்தியாயிற்று. மடலின் உள்ளே ஒரு எழுத்தும் மாறுவதில்லை. நாம் தினமும் அழுத்தும் அந்த நட்சத்திரக் குறி, பின்கட்டில் ஒரு கோப்பின் பெயரில் ஓர் எழுத்து கூடுவதுதான் என்று முதல்முறை தெரிந்துகொள்ளும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே இதைப் பழகலாம்.

இதற்கு முன்பிருந்த எம்பாக்ஸ் முறையில் எல்லா மடலும் ஒரே நீளக் கோப்பில், ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். "ஃப்ரம்" என்ற சொல்லும் ஓர் இடைவெளியும் வரியின் தொடக்கத்தில் வந்தால் புதிய மடல் தொடங்குகிறது என்று பொருள். யாராவது கடிதத்துக்குள்ளேயே ஒரு வாக்கியத்தை அந்தச் சொல்லால் தொடங்கினால் குழப்பம் வருமே? வந்தது. அதற்காக அந்தச் சொல்லுக்கு முன்னால் ஓர் அம்புக்குறியைச் செருகினார்கள். பழைய ஆங்கில மடல்களில் இன்றும் அந்த அம்புக்குறிகளைக் காணலாம்.

மடல் ஒன்றுக்கு ஒரு கோப்பு என்ற யோசனை மெயில்டிருக்கும் முந்தியது. 1979-இல் ராண்ட் நிறுவனத்தில் புரூஸ் போர்டன் எழுதிய எம்ஹெச் அப்படித்தான் வேலை செய்தது. அதில் மடல் பார்க்க என்று தனியாக ஒரு பெரிய நிரல் கிடையாது. புதிய மடலை உள்ளே கொண்டுவர "இன்க்", பட்டியல் பார்க்க "ஸ்கேன்", பொறுக்கி எடுக்க "பிக்", வேறு ஃபோல்டருக்கு மாற்ற "ரீஃபைல்" என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குட்டிக் கட்டளை. யூனிக்ஸின் மற்றக் கட்டளைகளோடு இவற்றைக் கோத்துக்கொள்ளலாம். என்எம்ஹெச் என்ற பெயரில் இன்றும் உயிரோடு இருக்கிறது. இந்தக் கட்டுரையில் வரும் மடல் கருவிகளில் அதுவே மூத்தது.

சரி, மடல் இறங்கிவிட்டது. பிரிப்பது யார்? நெடுங்காலம் அந்த வேலையைச் செய்தது ப்ரோக்மெயில். 1990-இல் ஸ்டீபன் வான் டென் பெர்க் எழுதியது. அதன் விதிகளை "ரெசிபி" என்பார்கள். முக்காற்புள்ளியும் பூஜ்யமும் போட்டு ஒரு வரி, நட்சத்திரம் போட்டு நிபந்தனை, கடைசி வரியில் எங்கே போட வேண்டும் என்ற விலாசம். மூன்றே வரி! கற்றவர்கள் அதில் பித்தாகிப் போனார்கள். 2001-க்குப் பிறகு பல ஆண்டுகள் புதிய வெளியீடு வரவில்லை. நடுவில் அதைப் பராமரித்த பிலிப் கெந்தரே இதை விட்டுவிடுங்கள் என்று சொல்லும் நிலையும் வந்தது. 2022-இல் மூல ஆசிரியரின் கையிலிருந்து ஒரு புதிய பதிப்பு வந்திருக்கிறது. இருந்தாலும் புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அதற்கு ஒரு காரணம் நம் தமிழிலேயே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனை நேரம் பரபரத்துக்கொண்டிருந்தேன்.

"வணக்கம்" என்று பொருள் வரியிட்டு ஒரு மடல் அனுப்புங்கள். பின்கட்டில் போய் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். வணக்கம் அங்கே இருக்காது! மின்னஞ்சலின் தலைப்பு வரிகள் ஆங்கில எழுத்துக்காக மட்டும் உருவானவை. மற்ற மொழிகளை அதற்குள் எப்படி ஏற்றுவது என்று 1996-இல் ஆர்எஃப்சி 2047 ஒரு வழி சொன்னது. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். பேஸ்-64 என்ற முறை மூன்று பைட்டை நான்கு ரோமன் குறிகளாக மாற்றும். ஆக, ஒரு தமிழ்க் குறிக்குச் சரியாக நான்கு குறி. "வணக்கம்" என்பதில் வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என ஏழு குறிகள். ஆகவே தலைப்பில் இந்தச் சொல்லுக்கு நிற்பது 28 குறிகள்.

இனிமேல்தான் வேடிக்கை. உயிரெழுத்துகளும், அகரமேறிய மெய்களும், ஆகார இகரத் துணைக்குறிகளும் எல்லாமே 4, பெரிய கே, 6 என்ற மூன்றில் தொடங்கும். புள்ளி, உகரக்குறி, எகரக்கொம்பு போன்றவை 4, கே, கூட்டல் குறி என்று தொடங்கும். நான்காவது இடம் மட்டுமே எழுத்துக்கு எழுத்து மாறும். இப்படி எழுதப்பட்ட தமிழ்ப் பொருள் வரியுள்ள மடலை லெஸ்ஸில் திறந்து தூரத்திலிருந்து பார்த்தாலே, இந்த 4, கே, 6 திரும்பத் திரும்ப வருவதை வைத்து "அட, இது தமிழ்!" என்று கண்டுபிடித்துவிடலாம். நான் கண்டுபிடித்துக் கூவியிருக்கிறேன்.

ஆனால் நடுவில் ஒரு சொல் இடைவெளி வந்துவிட்டால்? இடைவெளி ஒரே பைட். அது வந்தவுடன் அடுத்த சொல்லின் மும்மூன்று கட்டு ஒரு படி தள்ளிப் போகிறது. அதே "வணக்கம்" முற்றிலும் வேறு எழுத்துகளாக மாறிவிடுகிறது! இன்னொரு பைட் தள்ளினால் மூன்றாவது வேடம். ஒரே தமிழ்ச் சொல்லுக்குத் தலைப்பில் மூன்று முகங்கள். ப்ரோக்மெயில் கோப்பில் இருப்பதை அப்படியே, அவிழ்க்காமல் பார்க்கிறது. பொருளில் ஒரு தமிழ்ச் சொல் வந்தால் பிரிக்கச் சொல்ல வேண்டுமென்றால் அதன் மூன்று முகத்தையும் நாமே கணக்கிட்டு எழுத வேண்டும். அதோடு ப்ரோக்மெயில் இயல்பாகப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகவே பாவிக்கும். பேஸ்-64-இல் இரண்டும் வேறு வேறு. அதற்குத் தனியாக "டி" என்ற கொடியையும் சேர்க்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும், அனுப்பியவரின் நிரல் பேஸ்-64-ஐ விட்டு வேறு முறையில் எழுதியிருந்தால் எல்லாம் வீண்.

இங்கேதான் சிவ் வந்து மனத்தைக் குளிர்விக்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டிம் ஷோவால்ட்டர் எழுதி 2001-இல் ஆர்எஃப்சி 3028 ஆகவும், 2008-இல் திருத்தி 5228 ஆகவும் வந்த மொழி. தலைப்பு வரிகளை முதலில் யூனிகோடாக அவிழ்த்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும் என்று அந்தத் தரமே சொல்கிறது. ஸ்கிரிப்ட்டும் யூடிஎஃப்-8தான். ஆகவே நீங்கள் "பொருளில் 'அழைப்பிதழ்' என்று இருந்தால் விழாக்கள் ஃபோல்டரில் போடு" என்பதைத் தமிழ்ச் சொல்லை அப்படியே வைத்து எழுதலாம்! சிவ் சர்வரிலேயே ஓடுவதால் உங்கள் கைப்பேசியிலும் மடல்கள் பிரிந்தே வந்து சேரும்.

சிவ்வில் சுழற்சிக் கட்டளை வேண்டுமென்றே கிடையாது. ஆயிரக்கணக்கானவர்களின் ஸ்கிரிப்ட்கள் ஒரே சர்வரில் ஓடும்போது, யாருடையதோ ஒன்று முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தால் எல்லோருக்கும் மடல் நின்றுபோகும். அந்த வாய்ப்பையே மொழியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்னொன்றும் செய்தார்கள்: மடலை என்ன செய்வது என்று உங்கள் ஸ்கிரிப்ட் ஒன்றும் சொல்லாவிட்டால் மடல் இன்பாக்ஸிலேயே இருக்கும். நடுவில் பிழை வந்தாலும் மடல் தொலையாது. மற்றவர் கடிதத்தைக் கையாளும் நிரல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இனி என் உயிர்த்தோழன். நாட்மச்! கெய்ரோ என்ற வரைகலை நூலகத்தில் உழைத்தவர் கார்ல் வொர்த். "சப்" என்று ரூபி மொழியில் ஒரு மடல் நிரல் இருந்தது. தேடலும் டேக்கும் மட்டுமே கொண்டு மடல்களை ஆளலாம் என்று அது காட்டியது. அந்த யோசனையை மட்டும் உரித்து எடுத்து, 2009-இல் கார்ல் வொர்த் நாட்மச்சை வெளியிட்டார். நாட்மச் மடலை இழுக்காது, அனுப்பாது, அழிக்காது. உங்கள் மெயில்டிரைப் படித்து, "ஸேப்பியன்" என்ற தேடல் நூலகத்தைக் கொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் அட்டவணை போடும். நீங்கள் வைக்கும் டேக்குகள் அந்த அட்டவணையில்தான் வாழும். ஒரு மடலைக் "குடும்பம்" ஃபோல்டரில் போட்டால் "வங்கி" ஃபோல்டரில் அது இருக்காது. டேக் என்றால் இரண்டும் வைக்கலாம், "வரி-2024" என்று மூன்றாவதும் வைக்கலாம். ஃபோல்டர்களை நான் கைவிட்டதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

"நாட்மச் நியூ" என்று தட்டினால் என்ன நடக்கிறது, பாருங்கள். முதலில் "ப்ரீ-நியூ" என்ற ஸ்கிரிப்ட் இருந்தால் அது ஓடும். எம்பிசிங்க்கை அதில் வைத்துவிட்டால் மடல்கள் தானாக வந்து இறங்கும். பிறகு நாட்மச் புதிய கோப்புகளைப் படித்து அட்டவணையில் சேர்க்கும். இணைப்பு உள்ளதற்கு, கையொப்பம் இட்டதற்கு, மறையாக்கம் செய்ததற்கு அதுவே டேக் போட்டுவிடும். கடைசியில் "போஸ்ட்-நியூ" ஓடும். கைவண்ணம் காட்டும் இடம் அதுதான். பழகியவர்கள் செய்வது இது: புதிதாக வருகிற எல்லாவற்றுக்கும் "நியூ" என்ற டேக் மட்டும் விழும்படி அமைப்பில் சொல்லிவிடுவார்கள். போஸ்ட்-நியூவில் ஒவ்வொரு விதியும் "நியூ" உள்ளவற்றை மட்டும் பார்க்கும். வங்கி முகவரியிலிருந்து வந்ததா, கூட்டல் வங்கி, கழித்தல் நியூ. குழுமடலா, கூட்டல் குழு, கழித்தல் நியூ. எந்த விதியிலும் மாட்டாமல் மிஞ்சியது மட்டும் கடைசி வரியில் "இன்பாக்ஸ்" வாங்கும். மனிதர்கள் உங்களுக்கென்று எழுதியவை பெரும்பாலும் இப்படி மிஞ்சுபவைதான்!

இதில் எனக்கு மிகப் பிடித்த வரியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குழுவில் உங்களுக்குச் சம்பந்தமில்லாத விவாதம் நாள் கணக்கில் நீள்கிறது. அதில் ஏதாவது ஒரு மடலுக்கு "மியூட்டட்" என்று டேக் போடுங்கள். பிறகு போஸ்ட்-நியூவில் "மியூட்டட் டேக் உள்ள மடல் எந்த இழையில் இருக்கிறதோ, அந்த இழை முழுவதற்கும் கூட்டல் மியூட்டட், கழித்தல் நியூ" என்று ஒரே வரி. த்ரெட், முக்காற்புள்ளி, நெளிவு அடைப்புக்குள் ஒரு தேடல். இனி வரப்போகும் பதில்களும் வந்தவுடனேயே வாயடைக்கும். நாட்மச்சுக்கு இழை எப்படித் தெரிகிறது? தொடக்கத்தில் பார்த்த அந்த ரெஃபரன்சஸ் வம்சாவளிதான்! மெசேஜ்-ஐடிக்கும் இங்கே வேலை உண்டு. ஒரே மடல் இரண்டு ஃபோல்டரில் இரண்டு கோப்பாகக் கிடந்தாலும், ஐடி ஒன்றென்றால் நாட்மச் ஒரே மடலாகத்தான் காட்டும்.

தமிழில் தேடுவது பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நாட்மச் சொற்களை வேர்வடிவமாக்கும்போது ஆங்கில விதிகளைத்தான் பயன்படுத்துகிறது. ஸ்னோபால் என்ற வேர்ச்சொல் நிரல் தொகுப்பில் தமிழுக்கும் விதிகள் உண்டு, ஆனால் நாட்மச் அதை அழைப்பதில்லை. ஆகவே "மரம்" என்று தேடினால் "மரத்தில்" கிடைக்காது. கவலை வேண்டாம்! சொல்லின் கடைசியில் நட்சத்திரம் போட்டால் அந்தத் தொடக்கமுள்ள எல்லாச் சொல்லும் வரும். தமிழில் வேற்றுமையும் பன்மையும் சொல்லின் பின்னால்தானே ஒட்டுகின்றன? "மரம் ஆர் மரத்*" என்று எழுதுங்கள்: மரம், மரத்தை, மரத்தில், மரத்துக்கு, மரத்தடி எல்லாம் வந்து விழும். மாணவர், மாணவர்கள், மாணவர்களுக்கு ஆகிய மூன்றுக்கும் "மாணவர்*" போதும். பின்னொட்டு மொழிக்கென்றே செய்துவைத்ததுபோல் இந்த நட்சத்திரம் பொருந்துகிறது.

நாட்மச்சை உருவாக்குகிறவர்கள் தங்கள் டேக்குகளையே பகிர்ந்துகொண்டார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். எந்த மடலில் பிழைத் தகவல், எந்த மடலில் இன்னும் சரிபார்க்காத நிரல் திருத்தம் என்று ஒருவர் டேக் போட்டால், அது கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவி வழியாக மற்றவர் கணினிக்கும் போகும். மடல்கள் அவரவரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. பயணிப்பது டேக் மட்டும்! "என்எம்பக்" என்பது இந்தப் பகிர்வைச் செய்யும் கருவியின் பெயர்.

திரையில் பார்ப்பதற்கு மட், நியோமட், ஈமாக்ஸ், ஏர்க் என்று எத்தனையோ உண்டு. உங்கள் கைக்கு எது ஒத்துவருகிறதோ அதை எடுங்கள். 1995-இல் மைக்கேல் எல்கின்ஸ் தொடங்கிய மட் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஈமாக்ஸ் முகப்பில் ஒரு மடல்மேல் நின்று கூட்டல் குறியை அழுத்தினால் டேக் சேரும், கழித்தலை அழுத்தினால் நீங்கும்.

தொடங்க ஆசையா? டெபியனிலும் உபுண்டுவிலும் "ஆப்ட் இன்ஸ்டால் நாட்மச் ஐசிங்க்" என்ற ஒரு வரி இரண்டையும் கொண்டுவரும். எம்பிசிங்க் ஐசிங்க்குக்குள்ளேயே இருக்கிறது. அதன் அமைப்பில் "சிங்க் புல்" என்று வையுங்கள். இழுப்பது மட்டும் நடக்கும், சர்வரில் இருக்கும் மடல்களை அது தொடவே தொடாது. நாட்மச் லிஸ்ட்-ஐடியைத் தானாக அட்டவணையில் சேர்ப்பதில்லை. முதல் அட்டவணைக்கு முன்பே "இண்டெக்ஸ்.ஹெடர்.லிஸ்ட்" என்ற அமைப்பில் அந்தத் தலைப்பின் பெயரைக் கொடுத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை "நாட்மச் டம்ப்" ஓட்டி டேக்குகளைப் பிரதி எடுங்கள். நீங்களாக வைக்கும் டேக்குகள் மடல் கோப்பில் இல்லை, அட்டவணையில் மட்டுமே இருக்கின்றன என்பதால் இது கட்டாயம். டேக்குகளுக்குத் தமிழிலேயே பெயர் வையுங்கள். நாட்மச் ஒரு டேக்குக்கு 200 பைட் தருகிறது, அதில் தமிழ்க் குறிகள் 66 அடங்கும்.